சிவப்புக் கோடு இல்லாத தாள்

எங்கள் படகு ஜெட்டியில் பிழை விட்டவர்கள் நிறையப் பேர். நானே நாளுக்கு நாலு விடுவேன். ஆனால் தான் விட்ட பிழைக்குக் குறுக்கே சிவப்புப் பேனையால் கோடு இழுத்து, கீழே கையெழுத்தும் வைத்த ஆளை வாழ்நாளில் ஒருவரைத்தான் கண்டிருக்கிறேன். நாங்கள் அவரை மிஸ் என்று கூப்பிடுவோம்.

நான் கச்சான், அதுதான் வறுத்த வேர்க்கடலை, விற்றவன். திருகோணமலையில் மூதூர் போகும் லோஞ்ச் படகு புறப்படும் ஜெட்டி வாசலில், ரிக்கற் விற்கும் பெட்டிக்கும் நேவிக்காரரின் சோதனைச் சாவடிக்கும் நடுவில் என் தள்ளுவண்டி நிற்கும். படிப்பு மூன்றாம் வகுப்பு. அதை மூன்று தரம் படித்தேன். அந்த வகுப்பைப் பற்றி என்னைவிட ஆழமாகத் தெரிந்தவர் மாவட்டத்திலேயே இல்லை. இதையும் நான் சொல்லச் சொல்ல மகள்தான் எழுதுகிறாள். தமிழ் நன்றாக இருந்தால் அது அவளுடையது. பொய் இருந்தால் என்னுடையது.

மிஸ் டவுனில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் கொம்பியூட்டர் படிப்பித்தார். அதோடு கம்பஸில் பதிந்து மாஸ்ரர்ஸ் ஆராய்ச்சியும் செய்துகொண்டிருந்தார். தாய் மூதூருக்கு அங்கால், கிளிவெட்டியில். வெள்ளிக்கிழமை என்றால் கல்லூரியில் அரைநாள் லீவு போட்டுவிட்டு லோஞ்ச் ஏற வருவார். கையில் குடை, தோளில் துணிப்பை, பையின் வாரில் குத்தியபடி இரண்டு பேனை. நீலப் பேனை மாதம் ஒன்று முடியும் என்றும் சிவப்புப் பேனை கிழமைக்கு ஒன்று முடியும் என்றும் அவரே ஒருநாள் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரிக்கவில்லை.

சண்டைக் காலம். கச்சான் சுற்றப் பழைய பேப்பர் கிடைப்பதே பெரிய பாடு. ஒரு வெள்ளிக்கிழமை மிஸ் ஒரு கட்டுத் தாள் கொண்டுவந்து தந்தார். இரண்டு ஓரத்திலும் வரிசையாக ஓட்டை போட்ட கொம்பியூட்டர் தாள். நிறைய எண்கள், நடுநடுவே இங்கிலீஷ். ஒவ்வொரு தாளிலும் மூலைக்கு மூலை ஒரு சிவப்புக் கோடு, கீழே கையெழுத்து.

"கச்சான் சுத்தத்தானே மிஸ், அதுக்கேன் கோடு?"

"இதெல்லாம் பிழையான விடை அண்ணை. ஆராவது வாசிச்சுப்போட்டு உண்மையெண்டு நம்பினால்?"

"கச்சான் தின்னுற சனம் அதையெல்லாம் வாசிக்காது மிஸ்."

"எப்பிடித் தெரியும்?"

இந்த 'எப்பிடித் தெரியும்' தான் மிஸ். இன்றைக்கு மழை வரும் என்றால் எப்பிடித் தெரியும். இந்த ஆமிக்காரன் நல்லவன் என்றால் எப்பிடித் தெரியும். கச்சான் நல்ல வறுவல் என்று நான் சொன்னால், குவியலின் மேலிருந்து ஒன்று, நடுவிலிருந்து ஒன்று, அடியில் கைவிட்டு ஒன்று எடுத்துத் தின்று பார்த்துவிட்டுத்தான், "ஓம், நல்லம்" என்பார். சனங்கள் மேலிருந்து எடுத்து ருசி பார்க்கும் என்று தெரிந்து நல்லதை மேலே போட்டு வைத்திருந்தவன் நான். அடுத்த கிழமையிலிருந்து அவருக்காக அடியிலும் நல்லது போடவேண்டி வந்தது.

அந்தத் தாளால் ஒருநாள் இரண்டு பேரும் மாட்டினோம். சோதனைச் சாவடியில் யாரோ கச்சான் சுருளோடு போயிருக்கிறார்கள். நேவிக்காரன் பிரித்துப் பார்த்திருக்கிறான். எண், எண், எண். குறுக்கே சிவப்புக் கோடு. என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஒரு வீரன் அல்லவா, கேட்க முதலே மிஸ்ஸைக் கைகாட்டிவிட்டேன். லோஞ்ச் ஏற நின்றவரைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். அதிகாரி தாளைத் தூக்கிக் காட்டி, "மே மொக்கத?" என்றார். இது என்ன என்று கேட்கிறார்.  அந்த நாளில் விளங்காத எண்ணோடு பிடிபடுவது சின்ன விஷயம் இல்லை.

மிஸ் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது பிழை, சேர்" என்றார்.

"என்ன பிழை?"

"கணக்கு பிழை. சரியானதெண்டால் கச்சான் சுத்தக் குடுத்திருக்க மாட்டன்."

பிறகு இரண்டு மணித்தியாலம் அங்கேயே நின்று, சிங்களத்திலும் இங்கிலீஷிலும், என்னுடைய கச்சானை மேசையில் வரிசையாக அடுக்கி விளங்கப்படுத்தினார். அதிகாரி கடைசியில் அந்த வரிசையைத் தின்றுவிட்டு எங்களைப் போகச் சொன்னார். லோஞ்ச் போய்விட்டிருந்தது.

அன்றைக்குத்தான் மிஸ்ஸிடம் ஆராய்ச்சி என்னவென்று கேட்டேன்.

"கொம்பியூட்டருக்குள்ள ஒரு ஜெட்டி கட்டுறன் அண்ணை. அதுக்குள்ளயும் ஆக்கள் வருவினம், வரிசையில நிப்பினம், லோஞ்ச் ஏறுவினம். இஞ்ச ஒரு மாற்றம் செய்து பாக்கிறதெண்டால் சனம் வெயிலுக்க நிக்கவேணும். அதுக்குள்ள நிக்கிற சனத்துக்குக் கால் உளையாது."

"அப்ப அங்க கச்சான் விக்கிறது ஆர்?"

"அங்க ஒருத்தருக்கும் பசிக்காது அண்ணை" என்றார். இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டுக்குக் கட்டிய ஜெட்டி இல்லை. லோஞ்ச் பதினொரு மணிக்கு டாண் என்று போய்விடும். நேவியின் கட்டளை, ஒரு நிமிஷம் நிற்காது. ஒவ்வொரு நாளும் கொஞ்சச் சனம் ஏறாமல் விடுபட்டுப்போகும். ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய நோயாளி, கைக்குழந்தைக்காரி என்று பார்ப்பதில்லை. அடுத்த நாள்வரை டவுனில் எங்காவது ஒண்டவேண்டும். மாவட்ட அலுவலகமான கச்சேரியில் பெரிய ஐயா ஒருவர் மிஸ்ஸிடம் சொல்லியிருந்தார்: "எத்தினை பேர் விடுபடுகினம் எண்டு கணக்கோட காட்டுங்கோ, ரெண்டாவது லோஞ்ச் கேட்டு எழுதுறன்." ஆராய்ச்சியைச் சித்திரை முடிய முன்னம் கம்பஸில் ஒப்படைக்கவேண்டும். தவறினால் ஒரு வருடம் போச்சு.

கணக்குக்கு, காலை ஏழு மணியிலிருந்து ஒவ்வொரு அரை மணிக்கும் எத்தனை பேர் வாசலுக்கு வருகிறார்கள் என்று தெரியவேண்டும். மிஸ்ஸுக்கு அந்நேரம் வகுப்பு. உலகத்தில் இத்தனை பேர் இருக்க என்னைத் தேர்ந்தெடுத்தார். என் மனுசி கேட்டுவிட்டுச் சொன்னாள்: "மூண்டாம் வகுப்புக்காரரை நம்பி மாஸ்ரர்ஸ் செய்யுதாம். பாவம் பிள்ளை."

எட்டு வெற்றுப் பால்மாத் தகர ரின்னும் ஒரு பை புளியங்கொட்டையும் தந்தார். ஒரு ஆள் வந்தால் ஒரு கொட்டை. ரிக்கற் பெட்டியில் இருந்த மூதூர் முஸ்லிம் அண்ணர், எங்களுக்குக் காக்கா, தன் மணிக்கூட்டைப் பார்த்து "அரை!" என்று கத்தினால் அடுத்த ரின். பின்னேரம் மிஸ் வந்து எண்ணி எழுதிக்கொண்டு போவார். வேலை அவ்வளவுதான்.

நாலாம் நாள் புளியங்கொட்டைப் பை தண்ணீருக்குள் விழுந்தது. எப்படி விழுந்தது என்று கேட்காதீர்கள். ஆனால் நான் மூளைசாலி. பக்கத்தில் மலைபோல் கச்சான் இருக்கிறதே. ஒரு ஆளுக்கு ஒரு கச்சான் போடத் தொடங்கினேன். பின்னேரம் மிஸ் பார்த்துவிட்டு, "எண்ணுறதுக்கு எதெண்டாலும் சரி" என்றார். அந்த ஒரு முறை மட்டும் 'எப்பிடித் தெரியும்' என்று கேட்க மறந்துவிட்டார்.

நான் விடிய ஐந்து மணிக்கு வெறுந்தேத்தண்ணியோடு வீட்டை விட்டு வருபவன். ஒன்பதரைக்குப் பிறகு வயிறு கத்தும். கை தன்பாட்டில் பக்கத்தில் இருக்கிற ரின்னுக்குள் போகும். அது ஆறாவது ரின். சத்தியமாக நான் சனத்தைத் தின்னவில்லை, கச்சானைத்தான் தின்றேன்.

சில கிழமைக்குப் பிறகு மிஸ் கேட்டார். "அண்ணை, ஒன்பதரைக்கும் பத்துக்கும் இடையில மட்டும் ஆக்கள் குறைவா வருகினம். ஏன்?"

"அது... ராகு காலம் மிஸ். சனம் வெளிக்கிடாது."

"ராகு காலம் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நேரம் எல்லோ?"

நான் வானத்தைப் பார்த்தேன். அவர் கொப்பியில் ஏதோ எழுதினார். அடுத்த நாளிலிருந்து பயத்தில் ஆறாவது ரின்னுக்குள் ஒரு கைப்பிடி கூடுதலாக அள்ளிப் போட்டேன். மற்ற ரின்கள் கோபிக்கக்கூடாது என்று அவற்றுக்குள்ளும் கொஞ்சம் போட்டேன். தாராள மனம்.

கொம்பியூட்டருக்குள் இருந்த ஜெட்டி நிரம்பி வழிந்ததாம். மிஸ் அந்தக் கணக்கைக் கச்சேரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். இரண்டாவது லோஞ்சுக்குக் கடிதம் எழுதுவதாக ஐயா சொல்லிவிட்டார். செய்தி ஜெட்டிக்கு வந்ததும் காக்கா என்னைக் கட்டிப்பிடித்தார். "உன்ட கச்சானால லோஞ்ச் ஒண்டு வருகுதுடா!" ஒரு கிழமை நான் ஜெட்டியில் மாப்பிள்ளை மாதிரி நடந்தேன்.

அந்த வெள்ளிக்கிழமை மிஸ் ஊருக்குப் போகவில்லை. சனிக்கிழமை வகுப்பும் இல்லை. மிஸ் ஏழு மணிக்கே வந்து எதிர்ப்பக்கத்து வாங்குப் பலகையில் குடையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். லோஞ்சுக்கு வந்திருக்கிறார் என்று நினைத்துக் கையாட்டினேன். லோஞ்ச் போனது. அவர் போகவில்லை. எழும்பி வந்து, எட்டு ரின்னையும் வாங்கில் கொட்டி எண்ணினார்.

"அண்ணை, நானும் நீங்களும் ஒரே வாசலைத்தான் பாத்தனாங்கள். உங்கட ரின்னுக்குள்ள மட்டும் கூடுதலா ஆக்கள் வந்திருக்கினம்."

அவர் முகத்தைப் பார்த்துப் பொய் சொல்ல ராகு காலம்கூட இல்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

"முதல்ல தின்றனான் மிஸ். நீங்கள் கேட்டாப் பிறகு போட்டனான்."

"எவ்வளவு போட்டனீங்கள்?"

"ஒரு கைப்பிடி."

"ஒருக்கா அள்ளுங்கோ."

அள்ளினேன். எண்ணினார். "இன்னொருக்கா." அள்ளினேன். "இன்னொருக்கா." மூன்றும் மூன்று எண். மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒரே அளவா அள்ளியிருந்தால் கழிச்சுப்போட்டுத் திருத்தியிருக்கலாம்" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என் கையின் அளவைப் பற்றி ஒரு மனிசர் இவ்வளவு கவலைப்பட்டதைத்தான் தாங்க ஏலாமல் போனது.

"மிஸ், சொல்லாதேங்கோ. பிழைதான், ஆனால் நல்ல பிழை எல்லோ? லோஞ்ச் வருகுது. சனத்துக்கு நல்லம்."

"அது பாதி வெறுமையா ஓடும் அண்ணை. ரெண்டு மாதத்தில நிப்பாட்டிப்போடுவினம். பிறகு நாங்கள் சரியாச் சொன்னாலும் நம்பாயினம்."

"சித்திரை?"

 மிஸ் அன்றைக்கே கொமினிகேஷன் என்ற போன் கடைக்குப் போய்ப் பேராசிரியருக்குப் போன் எடுத்தார். நான் வாசலில் நின்றேன். இந்தப் பக்கத்துக் கதை மட்டும் கேட்டது. "இல்லை சேர்... ஓம் சேர், சின்னப் பிழைதான்... தெரிஞ்சுகொண்டு குடுக்க ஏலாது சேர்." போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் கையை அதிலேயே வைத்திருந்தார். ஒரு வருடம் அதோடு போய்விட்டது.

திங்கட்கிழமை கச்சேரிக்கு நானும் பின்னால் போனேன். பாவ விமோசனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே போகத் துணிவில்லை. கதவுக்கு வெளியே நின்று அறிவித்தல் பலகையை வாசிப்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐயா சொல்வது கேட்டது. "பிள்ளை, கடிதம் ரைப் பண்ணியாச்சு. இப்ப வந்து பிழை எண்டால்? பேசாமல் விடுங்கோ, ஆர் கண்டுபிடிக்கப்போறான்?"

"நான் கண்டுபிடிச்சிட்டன் ஐயா."

"ஆர் எண்ணினது?"

"என்ர கணக்கு ஐயா" என்றார் மிஸ். கதவுப் பக்கம் திரும்பவே இல்லை. கச்சேரிக்குக் கொடுத்த தாளைத் திருப்பி வாங்கி, ஐயாவின் மேசையிலேயே வைத்துச் சிவப்புக் கோடு இழுத்துக் கையெழுத்து வைத்தார்.

ஜெட்டியில் நான் நல்லவனாகவே இருந்தேன். எல்லாக் கோபமும் மிஸ்ஸின் மேல்தான். காக்கா முகத்தை மற்றப்பக்கம் திருப்பிக்கொண்டுதான் ரிக்கற் கொடுத்தார். "வாற லோஞ்சையும் இந்தப் புள்ள தடுத்துப் போட்டுது" என்று போகிற வருகிற ஆட்களுக்கெல்லாம் சொன்னார். தின்றவன் நான் என்று சொல்ல இரண்டு தரம் வாய் திறந்தேன். இரண்டு தரமும் "கச்சான், கச்சான்" என்றுதான் வந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, விடுபட்டுப்போன பெண் ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு மிஸ்ஸுக்கு முன்னால் வந்து நின்றாள். மிஸ்ஸும் அன்று விடுபட்டவர்தான்.

"நீர்தானே லோஞ்ச் வேண்டாமெண்ட ஆள்? உம்மட நேர்மையை விரிச்சு இந்தப் பிள்ளையைப் படுக்கப்போடட்டோ?"

வாசல் முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது. மிஸ்ஸின் முகம் சிவந்தது. ஆனால் அவர் மன்னிப்பும் கேட்கவில்லை, சண்டையும் பிடிக்கவில்லை.

"அக்கா, நீங்கள் எத்தினை மணிக்கு வந்தனீங்கள்?"

"ஏழரைக்கு! ஏழரைக்கு வந்து நிக்கிறன்!"

 மிஸ் கடலைப் பார்த்தார். லோஞ்ச் அப்போதுதான் ஜெட்டியை விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. பின் வாங்குகளில் ஆட்கள் இல்லை. நானும் பார்த்தேன். எத்தனையோ நாள் பார்த்ததுதான். ஆனால் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"அண்ணை, ஏழரைக்கு வந்தவ இஞ்ச நிக்கிறா. வாங்கு வெறுமையாப் போகுது. அப்ப லோஞ்சில இடம் காணாதெண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

சாவடியில் ஆண்களுக்கு ஒரு வரிசை, மூன்று நேவிக்காரர். பெண்களுக்குத் துணித்தட்டி மறைப்புக்குள் ஒரு வரிசை, சோதிக்கிறது ஒரேயொரு நேவிப் பிள்ளை. அந்தப் பிள்ளையும் காலையிலிருந்து நின்றபடி. ஆண்கள் சட்டுச்சட்டென்று போக, பெண்கள் வெயிலில் ஊர, பதினொரு மணிக்கு லோஞ்ச் தன்பாட்டில் போய்விடும். நாங்கள் ஆறு கிழமையாக ஆணையும் பெண்ணையும் ஒரே ரின்னுக்குள் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தோம்.

திரும்பவும் முதலிலிருந்து. பதினாறு ரின். ஆணுக்குப் புளியங்கொட்டை, பெண்ணுக்குச் சிவப்பு மஞ்சாடிக் கொட்டை. "தின்ன ஏலாததாப் பாத்து எடுத்தனீங்கள் போல" என்றேன்.  அன்று தொடக்கம் மிஸ் ஒவ்வொரு நாள் காலையும் கல்லூரிக்குப் போக முன்னம் ஜெட்டிக்கு வந்து, வாழையிலையில் சுற்றிய புட்டுப் பார்சல் ஒன்றை என் வண்டியில் வைத்துவிட்டுப் போனார். ஒருநாளும் தவறவில்லை. எனக்கு உள்ளுக்குள் சுட்டது. திரும்பவும் கணக்கில் கைவைக்காமல் இருக்க லஞ்சம் தருகிறார், இனி என்னை நம்பமாட்டார் என்றுதான் எடுத்துக்கொண்டேன். சுட்டாலும் புட்டைத் தின்றேன். சம்பலும் வைத்திருப்பார்.

ஆறு கிழமை எண்ணினேன். ஒரு கொட்டை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இடையில் இரண்டு சனிக்கிழமை எதிர் வாங்கில் குடை தெரிந்தது. இரண்டு நாளும் ரின்னும் கொப்பியும் ஒன்றாக வந்தது.

மிஸ் மறுபடி கச்சேரிக்குப் போனார். நானும் போனேன், இந்தமுறை கதவுக்கு உள்ளே. ஐயா சிரித்தார். "இது சரியெண்டு எப்பிடி நம்புறது பிள்ளை?"

"முந்தினது பிழையெண்டு வந்து சொன்னதும் நான்தானே ஐயா. லோஞ்ச் வேண்டாம். சோதிக்க இன்னொரு பொம்பிளைப் பிள்ளையைப் போடச் சொல்லுங்கோ, போதும்."

"முந்தித் தின்றது நான்தான் ஐயா" என்று நான் இடையில் சொன்னேன். கச்சேரியில் ஒருவருக்கும் அது விளங்கவில்லை. எனக்கு நெஞ்சு லேசாகியது.

இழுத்தடித்து ஒரு மாதத்துக்குப் பிறகு இரண்டாவது நேவிப் பிள்ளை வந்தது. இரண்டாவது மறைப்பும் கட்டினார்கள். முதல் நாள் பதினொரு மணிக்கு லோஞ்ச் போனபோது வாசலில் நின்றது நான், காக்கா, ஒரு நாய். காக்கா பெட்டியை விட்டு வெளியே வந்து வெறும் வாசலைப் பார்த்தார். அந்த வெள்ளிக்கிழமை மிஸ்ஸுக்கு நேராக முகத்தை வைத்து ரிக்கற் கொடுத்தார். "புள்ள, முன் வாங்கில இரி" என்றார். சனம் அதைக் கொண்டாடவில்லை. லோஞ்ச் வந்தால் கண்ணுக்குத் தெரியும். வரிசை இல்லாமல் போனால் என்ன தெரியும்?

அடுத்த வருடம்தான் மிஸ் ஆராய்ச்சியை ஒப்படைத்தார். அதற்குப் பிறகு வேறு ஊருக்கு வேலையாகப் போனார். போகும்போது எனக்கு ஒரு தாள் தந்தார். தடித்த வெள்ளைத் தாள், ஓரத்தில் ஓட்டை இல்லை. "ஆராய்ச்சியில உங்களைப் பற்றி வாற பக்கம் அண்ணை" என்றார். முழுக்க இங்கிலீஷ்.

அதை நான் ஒருவருக்கும் காட்டவில்லை. என்ன எழுதியிருக்கும் என்று எனக்குத் தெரியாதா? ஆராய்ச்சியைத் தின்றவன் என்று இங்கிலீஷில் எழுதியிருக்கும். சுற்றப் பேப்பர் இல்லாத நாளில் மனுசி இரண்டு தரம் அதில் கைவைத்தாள். இரண்டு தரமும் பறித்தேன். சண்டை ஓய்ந்து, பிறகு திரும்ப வந்தது. லோஞ்ச் நின்றது, தள்ளுவண்டி போனது, வீடு இரண்டு தரம் மாறியது. ஷொப்பிங் பையில் சுற்றி, அடையாள அட்டையோடு சேர்த்து அந்தத் தாளையும் கொண்டு திரிந்தேன்.

மகள் பெரிய வகுப்புக்கு வந்த பிறகு ஒருநாள் அவளிடம் கொடுத்தேன். "சிரிக்காமல் வாசி" என்றேன். அவள் மனதுக்குள் ஒருமுறை வாசித்தாள். சிரிக்கவில்லை. பிறகு தமிழில் சொன்னாள்:

"முதல் ஆறு கிழமைக் கணக்கை எடுக்கேல்லையாம் அப்பா. காரணம், ஆராய்ச்சி செய்தவ விட்ட பிழையாம். காலமைச் சாப்பாடு இல்லாத ஒரு ஆளை நாலு மணித்தியாலம் நிக்கவைச்சு, சாப்பாட்டுச் சாமானால எண்ண விட்டது தன்ர பிழையாம். ரெண்டாம் முறை அந்தப் பிழையைத் திருத்தினதாம். அந்த ஆள் எண்ணின கணக்கை ரெண்டு தரம் சோதிச்சுப் பாத்தவவாம். ரெண்டு தரமும் சரியாம்."

வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். முன்பக்கம், பின்பக்கம், நாலு மூலை. சிவப்புக் கோடு எங்கேயும் இல்லை.